நான்காவது பெயர்

மொன்றியலில் நிவாரணம் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்கு எது வேண்டாம்?" என்பது. கனடாவுக்கு வந்த புதிதில், ஒரு தேவாலய நிலவறையில் என்னிடம் இப்படிக் கேட்டபோது மிரண்டுபோனேன். இதுவும் ஒரு விசாரணையோ என்று பயந்து, "எல்லாம் வேணும்" என்று சொல்லித் தப்பினேன். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் இல்லாத பூனைக்கும் ஒரு பை சாப்பாடு வந்து சேர்ந்தது.

இப்போது அதே தேவாலய நிலவறையில், மேசைக்கு மற்றப் பக்கம் சனிக்கிழமைகளில் நிற்கிறேன். மற்ற நாட்களில் டோர்வல் விமான நிலையப் பக்கம் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. சனிக்கிழமையும் சாப்பாடுதானா என்று மனைவி கேலி செய்வாள். இங்கே பொறுப்பாக இருப்பவர் மதாம் ஜினெத், பிரெஞ்சு பேசும் எழுபது வயதுக் கெபெக் மாகாணத்தவர். தக்காளி டின்னில் காலாவதித் திகதி ஒருநாள் கடந்திருந்தாலும் ஆளுக்காள் மன்னிப்புக் கேட்பார். இலங்கையில் நாங்கள் அடைபட்டிருந்த முகாமில் எங்களுக்கு மாவோடு சேர்ந்து வந்த வண்டுகளுக்கு யாரும் வருத்தம் தெரிவித்ததாக ஞாபகம் இல்லை.

போன சனிக்கிழமை செலாம் வந்தார். எரித்திரியாக்காரர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே ஆட்சிக்கு வந்தவர்தான் இன்றைக்கும் அங்கே ஆள்கிறார். செலாமின் நிவாரண அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதில் நான்கு பெயர்கள். நான்காவது, இங்கே வந்தே இராத கணவர் தெக்லே. ஆறு வருடத்துக்கு முன் அங்கே படையினர் அவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஜினெத் என்னிடம் பேனாவைத் தந்து, வீட்டில் சாப்பிடுகிறவர்களின் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றார்.

"மூன்று பேருக்கே தாருங்கள். பெயரை வெட்டாதீர்கள்," என்று செலாம் ஆங்கிலத்தில் சொன்னார்.

பேனாவை மேசையில் வைத்தேன். போர் முடிந்த வருடம் எங்கள் நிவாரண அட்டையிலும் நான்கு பெயர்கள்தான்: அம்மா, அண்ணை, நான், தங்கச்சி. அண்ணையை விசாரிக்க வேண்டும் என்று இராணுவத்தினர் வரிசையிலிருந்து பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள்; ஆள் திரும்பவில்லை. ஆள் இல்லாத பெயரை வெட்டாவிட்டால் முழு அட்டையும் நின்றுவிடும் என்றார் முகாம் அதிகாரி.

"நிண்டால் நிக்கட்டும். என்ரை பிள்ளை இல்லையெண்டு நான் எழுதித் தரமாட்டன்," என்றார் அம்மா.

தங்கச்சிக்கு அப்போது காய்ச்சல். அம்மாவுக்குத் தெரியாமல் நான் போய் அண்ணையின் பெயரை வெட்டிக் கையெழுத்து வைத்தேன். மறுநாள் அம்மா அட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

ஜினெத்துக்கு என் உடைந்த பிரெஞ்சில் விளக்கப் போனேன். நான்காவது ஆளுக்கும் சாப்பாடு கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"எல்லோருக்கும் ஒரே விதிதான், முசியே சிவா."

"சாப்பாடு வேண்டாம், மதாம். பெயர் மட்டும்."

"சாப்பிடாதவருக்குப் பெயர் எதற்கு?"

நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலை எந்தப் பிரெஞ்சு வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. "அவர் வந்தால் தன் பெயரைத் தேடுவார்," என்று மட்டும் சொன்னேன். ஜினெத் அட்டையை என் பக்கம் தள்ளினார். பிறகு, சரி, எழுதுங்கள் என்றார். எண்ணிக்கைக்கு உரிய கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். கீழே தெக்லேயின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, அழகாக எழுதினேன்.

மெற்றோவுக்கு நடக்கும்போதே, பெரிய காரியம் செய்த புளுகமும் சந்தோஷமுமாய் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப, நாங்களும் மூண்டு பேருக்கு வாங்கிக்கொண்டு பேரை விட்டிருக்கலாம், என்னடா?"

"ஓமம்மா," என்றேன். இத்தனை வருடத்தில் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்தது அவ்வளவுதான். நான் முகம் பார்த்திராத ஒருவருக்கு மொன்றியலில் ஓர் அட்டையில் இடம் இருக்கிறது. என் அண்ணைக்கு ஊரில் இல்லை. ஒன்றை எழுதியதும் மற்றதை வெட்டியதும் இந்தக் கைதான்.