தம்பிதுரை ஓட்டிப் பார்த்த கரண்டு வண்டி

சூலூரில் பழைய கார் வாங்குகிறவர்கள் தம்பிதுரையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். கார் புரோக்கர்தான். ஆனால் விற்கிறவர் சொல்லும் எதையும் நம்பாத புரோக்கர். வாலிப வயதில் முதன்முதலாக வாங்கிய ஜீப்பின் கியர்பாக்ஸில் மரத்தூளைக் கொட்டி, சத்தத்தை அமுக்கி, யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் அது பல்லடம் ரோட்டில் நின்றுபோனது. அன்றைக்கு உள்ளே புகுந்த சந்தேகம் அப்புறம் வெளியேறவே இல்லை.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, எங்காவது வெள்ளத்துச் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்து, கிலோமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பார். கடைசியில் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அந்தக் காதுக்குத்தான் ஊரில் மதிப்பு. வீட்டிலும் அப்படித்தான். மனைவி நஞ்சம்மாள் வாங்கி வைத்த பாலை அவர் தினமும் மோந்து பார்ப்பதும், அந்தம்மாள் தலையில் அடித்துக்கொள்வதும் வழக்கம்.

மகள் லோகப்பிரியாவுக்குச் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்த பழைய பெட்ரோல் காரில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள்.

"அப்பா, கரண்டு வண்டி ஒண்ணு பாத்திருக்கனுங்க. ரெண்டு வருசம்தான் ஓடியிருக்குது. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு வருசத்துல எதுக்குக் கண்ணு விக்கறாங்க? நல்ல வண்டியை யாராச்சும் விப்பாங்களா?"

"அதுக்குத்தான் உங்களைப் பாக்கச் சொல்றது."

வண்டிக்காரர் பீளமேட்டில் இருந்தார். கௌதமன் என்று பெயர், பாலிடெக்னிக்கில் வாத்தியார். வாடகைக்கு மாறிவந்த அடுக்குமாடியில் சார்ஜ் போட இடம் தரமாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் விற்கிறேன் என்றார். தம்பிதுரை தலையாட்டிக்கொண்டே பெல்ட்டை இழுத்தார். சுத்தமாக இருந்தது. பிரேக் மிதியைத் தடவினார். ரப்பர் நேற்றுப் போட்டது போலப் புதிதாக இருந்தது.

"மிதியை மாத்தீருக்கீங்க."

"இல்லீங்ணா. இந்த வண்டியில ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வேகம் கொறைஞ்சிரும். பிரேக்குக்கு வேலை கம்மி."

தம்பிதுரைக்கு அது பதிலாகப் படவில்லை, சமாளிப்பாகப் பட்டது. பானெட்டைத் திறந்தார். மூடிவைத்த பெட்டி, ஆரஞ்சு நிற ஒயர்கள். வண்டியை ஆன் செய்யச் சொல்லிக் கண்ணை மூடினார். தெருவில் போன ஸ்கூட்டர் கேட்டது, பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது. வண்டி மட்டும் கேட்கவில்லை. பேட்டரி நன்றாக இருப்பதாகக் கம்பெனியே தந்த ரிப்போர்ட்டைக் கௌதமன் நீட்டினார்.

"அவன் வித்த பண்டத்தை அவனே கொறை சொல்லுவானுங்களா?" என்று வாங்காமலே தள்ளிவிட்டார் தம்பிதுரை. "ஞாயித்துக்கிழமை தாராபுரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கோணும். நீங்களும் கூட வாங்க."

தாராபுரம் என்றதும் கௌதமனின் முகம் ஒரு கணம் மாறியது. தம்பிதுரை அதையும் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நூறு சதவீதம் காட்டியது. "சார்ஜ் போட எடமில்லைன்னீங்க. நூறு காமிக்குது?"

"காலேஜ்ல போட்டனுங்ணா."

காலேஜில் போட முடிகிறவர் எதற்கு விற்கிறார்? ஏசியை முழுதாக வைத்தார். பல்லடம் தாண்டியதும் வேண்டுமென்றே விரட்டினார். குண்டடம் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எதிர்காற்றில் சதவீதம் மளமளவென்று இறங்கியது. ரோட்டைப் பார்த்ததைவிட அந்த எண்ணைத்தான் அவர் அதிகம் பார்த்தார். வண்டி அலுங்காமல் போனது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே பயமாகவும் இருந்தது.

தாராபுரம் பைபாஸில் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போடும் மெசின் நின்றது.

"இங்க வேண்டாங்ணா. இருக்கற சார்ஜ்லயே திரும்பிறலாம்," என்றார் கௌதமன் அவசரமாக.

தம்பிதுரை உடனே அங்கேயே வண்டியைத் திருப்பினார். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், பாவாத்தாள், விளக்குமாற்றை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏனுங் சார், உங்கப்பாரு இப்ப எந்திரிச்சு நடக்கறாருங்களா?"

கௌதமன் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாள் போனபிறகு, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே சொன்னார். ஒரு கல்யாணத்துக்கு அப்பா நஞ்சப்பனைக் கூட்டிக்கொண்டு தாராபுரம் வந்திருக்கிறார். பந்தியில் அப்பாவுக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது. உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். வண்டியில் சார்ஜ் கம்மி. இந்த மெசினை நம்பி வந்தால், திரை கறுத்துக் கிடந்தது. வேறு வண்டி கிடைத்து ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. அப்பா பிழைத்தார், ஆனால் இன்னும் கைத்தடிதான்.

"வீட்டுல யாரும் இதுல ஏறமாட்டேங்கறாங்ணா. அப்பா மட்டுந்தான் விக்க வேண்டாங்கறாரு. வாழ்நாள் முச்சூடும் அடுத்தவங்க காடுதோட்டத்துல வேலை செஞ்சவரு. முன்சீட்டுல உக்காந்து ஊரு வழியாப் போறதுன்னா அவருக்கு உசுரு."

"இதை எதுக்குங் தம்பி மறைச்சீங்க?"

"முன்னாடி வண்டி கேட்ட ஒருத்தர்கிட்ட உள்ளதைச் சொன்னனுங்க. ராசியில்லாத வண்டின்னு போனை வச்சுப்போட்டாரு."

பொய்யைப் பிடித்துவிட்டால் தம்பிதுரைக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வரும். அன்றைக்கு வரவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "அன்னிக்கு வண்டி காமிச்ச சார்ஜும் இருந்த சார்ஜும் ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதானுங்க. வண்டி ஏமாத்தலை. மெசின்தான் செத்துக் கெடந்துச்சு."

இந்த முறை மெசின் வேலை செய்தது. இட்லி சாப்பிட்டு வருவதற்குள் சார்ஜ் ஏறியிருந்தது. இன்றைக்கு ஏறுகிறது, நாளைக்கு ஏறும் என்பதற்கு யார் பொறுப்பு என்று யோசித்தபடியே சூலூர் வந்து சேர்ந்தார்.

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. நஞ்சம்மாள் உடனே, "அந்த வண்டியே வேண்டாம்," என்றார்.

"பெட்ரோல் காரும் வழியில நிக்குமல்லங்கப்பா?" என்றாள் லோகப்பிரியா.

"நின்னா பாட்டில்ல புடிச்சுட்டு வந்து ஊத்தலாம் அம்மணி. கரண்டைப் பாட்டில்ல புடிக்க முடியுமா?"

அவள் விடவில்லை: "நான் போறது சரவணம்பட்டிங்கப்பா. போயிட்டு சாயங்காலம் ஊட்டுக்குத்தான் வாரேன். இங்க பிளக் நம்ம கையில இருக்குது. பழைய காரையும் விக்க வேண்டாம். தொலைவாப் போறதுக்கு அது இருக்கட்டும்."

அதில் ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தம்பிதுரை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. தனி ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன் போனபிறகு, இன்னொருவரைக் கூட்டிவந்து எர்த்தைச் சோதித்தார். காலையில் மகள் கிளம்புமுன் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார், சூடு இருக்கிறதா என்று. பெட்ரோல் பங்குக்குப் போகாமலே மாதங்கள் ஓடின. அதுவும் அவருக்கு இயற்கையாகப் படவில்லை. பழனிக்குப் போனபோது பழைய காரைத்தான் எடுத்தார்கள். இப்போது அவரிடம் கரண்டு வண்டிகளும் விலை பேச வருகின்றன. ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தபின், "இது உங்களை எங்கயாச்சும் நட்டாத்துல விட்டுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, விற்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடி மாதம் பீளமேடு பக்கம் போனவர், கௌதமன் வீட்டுக்கும் போனார். நஞ்சப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் யாரென்று மகன் சொன்னதும், குழறிய வாயால் முதலில் கேட்டது வண்டியைத்தான்.

"நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க," என்றார் தம்பிதுரை. "இருந்தாலும் பாத்துக்கிட்டேதான் இருக்கனுங்க."