துரைசாணி காட்டிய கை

தண்ணீரே வராது என்று ஊரே கைவிட்ட பாறையில் கிணறு வெட்டினேன். பள்ளங்கியில் காட்டுப்பன்றி மேய்ந்த சரிவைப் பூண்டுத் தோட்டமாக்கினேன். கொடைக்கானலில் மாடி வைத்து லாட்ஜ் கட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் இதற்கெல்லாம் முன்பே, அரைக்கால் சட்டை வயதில், ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தவன் நான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் தாய்மாமாவுக்குப் பாச்சலூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா, "நெலையா ஒரு சோலி இருந்தாச் சொல்லுங்க. இல்லேன்னா வேற எடம் பாத்துக்கிறோம்" என்றுவிட்டார். கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டக்காரர் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு மாமா வெள்ளனே கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

துரைசாணி வாசலுக்கு வந்தார். இங்கிலீஷ் தெரியாத மாமா, மண்ணைக் கொத்தி, நாற்று நட்டு, தண்ணீர் ஊற்றி, வெறுங்கையாலேயே காற்றில் ஒரு தோட்டம் போட்டுக் காட்டினார். துரைசாணி ஏதோ சொல்லி, இல்லை என்று தலையாட்டினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கேட்டருகே நான் திரும்பிப் பார்த்தேன். துரைசாணி கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தம்மா கூப்புடுது!"

"ஏலே, சும்மா வா. இல்லேன்னுட்டாங்கல்ல?"

"கையப் பாருங்க மாமா!"

திரும்பிப் போனோம். துரைசாணி விழித்தார். மறுபடி தலையாட்டல், மறுபடி நாங்கள் கேட்டுக்கு, மறுபடி அதே கை.

"போனாக் கூப்புடுது, வந்தா முழிக்குது. கிறுக்காலே அதுக்கு?" என்று மாமா முறைத்தார். "வெரசா வாங்க" என்று வேட்டியைப் பிடித்து இழுத்துப் போனேன்.

எங்களைப் பார்த்ததும் துரைசாணி படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் மாமாவிடம், "ரோஜா பதியம் போடத் தெரியுமாய்யா? தெரிஞ்சா நாளைக்கே வந்துரு. வெரட்டினாலும் நீ போகமாட்டேங்கிறியேன்னு அம்மா சிரிக்கிறாங்க" என்றார்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் லட்டு தின்றேன்.

லாட்ஜ் கட்டிய பிறகு, தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பஸ் ஜன்னலிலிருந்து அதே கையைக் காட்டினார். எதையோ மறந்துவிட்டார் போலும் என்று ஓடினேன். அவர் கை காட்டிக்கொண்டே இருக்க, பஸ் போய்விட்டது. போய்வருகிறேன் என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் கை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இருக்கட்டும். துரைசாணி போ என்றே சொல்லியிருக்கட்டும். அதை வா என்று படித்தவன் நான். அப்படிப் படித்ததால்தான் அத்தை இந்த வீட்டுக்கு வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். இப்போது மாமாவின் பேரனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறார்கள். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போடுகிற இடத்தில் முதல் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும்.