வெள்ளைப் பூவும் என் ஊசியும்

என் கணவருக்கு அறுபத்தைந்து வயது நிறையப் போகிறது என்றவுடனேயே எங்கள் வீட்டில் மருந்துக் காப்புறுதிப் பேச்சுத் தொடங்கிவிட்டது.

இவர் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கொம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கொம்பனியின் காப்புறுதிதான் எங்கள் இருவரின் மருந்துச் செலவையும் பார்த்து வந்தது. அறுபத்தைந்தானதும் இங்கே கியூபெக் அரசாங்கம் ஒருவரைத் தன் மருந்துத் திட்டத்தில் தானாகவே சேர்த்துக்கொள்ளும். விரும்பினால் கொம்பனியிலேயே இருக்கலாம், ஆனால் மாதக் கட்டணம் நன்றாகக் கூடிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை. தனியாகக் காப்புறுதியும் இல்லை. இவர் கொம்பனியை விட்டால் நானும் விட்டு அரசாங்கத் திட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு மூட்டு வாதம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போடுகிறேன். ஊசி தொடங்குவதற்கு முன் என் விரல்கள் மடங்காது. அப்போதெல்லாம் தலை பின்னிவிடுவதும் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவதும் இவர்தான். ஆண்டவன் கிருபையாலும் அந்த ஊசியாலும் இன்று தேங்காயை நானே துருவுகிறேன். ஆகவே எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. எந்தத் திட்டமானாலும் ஊசி நிற்கக் கூடாது.

காப்புறுதிக்காரர் அனுப்பிய கடிதங்களை இவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இஞ்சேர், எனக்கு உது விளங்கேல்லை. பிள்ளையாரிட்டைப் பூ வைச்சுக் கேப்பம்."

எங்கள் ஆட்கள் கலியாணம், ஒப்பரேஷன் என்று பெரிய முடிவு எடுக்கும்போது செய்கிற காரியம் அது. சிவப்புப் பூ ஒன்றும் வெள்ளைப் பூ ஒன்றும் தனித்தனியாகக் கடதாசியில் மடித்து சுவாமிக்கு முன் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பது. எந்த நிறம் வருகிறதோ அதுவே சுவாமியின் முடிவு.

பனிக்குளிருக்குள் இவர் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் இரண்டு கார்னேஷன் பூ வாங்கி வந்தார்.

"உமக்கெண்டு நினைச்சு பூக்கடைப் பிள்ளை ரிப்பனும் கட்டித் தந்தது," என்றார்.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில முதல் தரமாப் பூ வேண்டிக்கொண்டு வாறீங்கள். அதுவும் காப்புறுதிக்கு!"

வெள்ளிக்கிழமை காலை முழுகிவிட்டு விளக்கேற்றினோம். வெள்ளை என்றால் அரசாங்கம், சிவப்பு என்றால் கொம்பனி. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பனே, எங்களுக்கு எது செலவு குறைவு எண்டு நீயே காட்டு," என்று வாய்விட்டுக் கேட்டார். எடுத்தது நான். வெள்ளை.

"பாத்தீரே! திங்கக்கிழமையே போன் பண்ணிக் கொம்பனிக் காப்புறுதியை நிப்பாட்டிறன்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நிற்கும்போது ஊசியை நினைக்க மனம் ஒருமாதிரி இருந்தது. நிப்பாட்டுவதற்கு முன், மருந்து எடுக்கிற பாமசியில் ஒரு வார்த்தை கேட்போம் என்றேன்.

"சுவாமி சொன்னதுக்கு மேல பாமசிக்காரி என்ன சொல்லப் போறா?"

"ஊசி குத்திறது எனக்கெல்லோ. வாங்கோ."

எங்கள் பாமசிக்காரி ஒரு வியட்நாம் பிள்ளை. என்னை எப்போதும் 'மதாம்' என்றுதான் கூப்பிடும். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மெல்ல மெல்ல ஆங்கிலத்தில் விளக்கியது. இவருடைய பிரஷர் குளிசைக்கெல்லாம் அரசாங்கத் திட்டம் போதும், செலவும் குறையும். ஆனால் என் ஊசி அங்கே எல்லோருக்கும் தானாகக் கிடைக்கிற மருந்து இல்லை. டொக்டர் காரணம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. கொம்பனியை ஒருமுறை விட்டால் திரும்பச் சேர்ப்பார்களோ தெரியாது, அதை முதலில் கேளுங்கள் என்றது.

இவர் அங்கேயே கொம்பனிக் காப்புறுதிக்குப் போன் எடுத்துக் கேட்டார். விட்டால் திரும்ப வர ஏலாது என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உம்மடை ஊசி நிக்கக் கூடாது. அது சரி. ஆனா சுவாமி வெள்ளையைத் தந்திட்டாரே. அவரை மீறி நடக்கிறதோ?"

இவர் பயந்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. பூவை எடுத்த எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனாலும் பிள்ளையார் பிழையாகச் சொன்னார் என்று என் மனம் ஒப்பவில்லை.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்? செலவு எதில குறைவு எண்டுதானே? அதுக்கு அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். என்ரை ஊசியைப் பற்றி நீங்கள் கேக்கவே இல்லையே."

இவர் யோசித்தார். "அப்ப திரும்பவும் பூ வைச்சுக் கேப்பமே?"

"வேண்டாம். கேட்டாச் சொல்ல ஆள் இல்லாத விஷயத்துக்குச் சுவாமியைக் கேப்பம். இதுக்குப் பாமசிக்காரி இருக்கிறா."

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடுதான் சப்பாத்தைக் கழற்றினார்.

கொம்பனியிலேயே இருந்துவிட்டோம். அரசாங்க அலுவலகத்துக்கும் போன் பண்ணி, எங்களுக்கு வேறு காப்புறுதி இருக்கிறது என்று அறிவித்தோம். அறிவிக்காவிட்டால் வரி கட்டும்போது அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும் என்று பாமசிக்காரிதான் சொல்லிவிட்டிருந்தது. கட்டணம் கூடியதால் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போகிற பயணத்தைத் தள்ளிவைத்தோம். இவர் அதற்கு ஒரு முணுமுணுப்பும் செய்யவில்லை. எனக்கு அறுபத்தைந்து வரும்போது திரும்பவும் இருந்து யோசிக்க வேண்டும். அதை அப்போது பார்ப்போம்.

அடுத்த ஊசி எடுக்கப் போன நாள் கடும் குளிர். ஊசி உறைந்தால் பழுதாகிவிடும். இவர் அதைத் தன் ஜக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்து சிப்பை மேலே இழுத்துக்கொண்டார். வழியில், கோயிலில் பழக்கமான ஒருவர் மறித்துச் சுகம் விசாரித்தார். எங்கே கண்டாலும் அரை மணித்தியாலம் நின்று கதைக்கிற மனிசன் இவர். அன்றைக்கு நிற்கவே இல்லை.

"பேந்து கதைப்பம் அண்ணை. மனிசியின்ரை ஊசி உள்ளுக்குள்ள இருக்கு."

நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.