ஞாயிறு மாலை ஐந்து மணி, ஆரஞ்சு நிறம்

என் சம்பந்தி அம்மாவைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. சொல்வதற்கு ஒன்றும் கிடைத்ததில்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். மாமியார் என்றிருந்தால் இரண்டு குறையாவது இருக்க வேண்டாமா? குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், என் பெண் ரயிலேறி, சிங்கப்பூரின் இந்தக் கோடியில் இருக்கும் புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்து என்னிடம் அழுவாள். நானும் தலையைத் தடவி ஆறுதல் சொல்வேன். ஐந்து வருடமாகக் காத்திருக்கிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை.

அவர்கள் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். சிராங்கூனில் வீடு. சம்பந்தி அம்மா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் பேசினால் முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்போம், அவர்கள் பக்கம் மாமி. என் பெண் கல்யாணமான மறுநாளே 'மாமி'க்கு மாறிவிட்டாள். அதைச் சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாள். என்னை 'அம்மா' என்று அப்படி இழுத்துக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் என்னிடம் வந்து, "உங்கட நட்சத்திரம் என்ன? கோயில்ல எல்லாருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்ய வேணும்" என்று கேட்டார். ஆனி மாதம், அஸ்தம் என்றேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என்ன பாவனை என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் வேலை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு டியூஷன் சென்டரில். ஆசிரியர்களின் நேர அட்டவணை, பெற்றோரின் இமெயில், போன் நம்பர், எல்லாம் என் பொறுப்பு. வீட்டிலும் ஒரு கணினி உண்டு. அது என் பெண் படித்த காலத்தில் வாங்கியது, அவள் போன பிறகு என்னுடையதானது. போன வருடம் என் பழைய போன் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. சென்டர் முதலாளி, இனி எல்லாம் போனிலும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெண்ணிடம் சொன்னேன். சனிக்கிழமை புதுப் போனோடு வந்து நின்றாள்.

எனக்குக் கண் கலங்கியது. பெட்டியைத் திறக்கும்போதே அவள் சொன்னாள்: "மாமிகிட்ட இருக்கிற அதே மாடல்தான்மா. போன மாசம்தான் அவங்களுக்கு செட் பண்ணேன். அவங்களே ஈசியா கத்துக்கிட்டாங்க லா." கலங்கிய கண் அப்படியே காய்ந்துபோனது.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். இமெயில் முதலில் வந்தது. அப்புறம் நம்பர்கள். நான் பெற்றோரைப் பெயர் போட்டு எழுதுவதில்லை, பெயர் எனக்கு நிற்காது. 'மூன்றாம் வகுப்புக் கணக்கு, அழுகிற பையன் அம்மா', 'திங்கட்கிழமை லேட்டாக வரும் அப்பா', இப்படித்தான் இருக்கும். அவள் படித்துப் படித்துச் சிரித்தாள். சில நம்பர்கள் இரண்டு முறை வந்தன. சம்பந்தி அம்மா மட்டும் மூன்று முறை வந்து உட்கார்ந்திருந்தார்.

"இது ஏன் மூணு?" என்றேன்.

"பழைய சிம்ல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு, இன்னொண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. அப்புறமா க்ளீன் பண்றேன்மா. மாமிக்கு மருந்து வாங்கணும், லேட்டாயிடுச்சு." போனில் காலண்டர் வருவதற்கான எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, "தானா வந்துரும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் அவளுக்காக வறுத்து வைத்த நெத்திலி அப்படியே இருந்தது.

அந்த மூன்றாவது நம்பர் எங்கிருந்து வந்தது என்று திங்கட்கிழமை காலை எனக்குத் தெரிந்தது. ரயிலில் உட்கார்ந்திருந்தேன். போன் கூவியது. 'மாமி, கண் டாக்டர், 10:30' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. எந்த மாமி, யார் கண் என்று விழித்தேன். காலண்டரைத் திறந்தால் என் டியூஷன் அட்டவணையோடு என் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அதில் கிடந்தது. படித்த காலத்திலிருந்து அவள் வைத்திருக்கும் அக்கவுண்டும் கணினியில் அப்படியே இருந்திருக்கிறது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் போனில் ஏற்றிவிட்டாள். இனி அவள் அங்கே எழுதினால் இங்கே வரும். நான் இங்கே அழித்தால் அங்கேயும் போகும். சென்டரில் தினமும் செய்கிற வேலை, இதுகூடவா எனக்குத் தெரியாது.

அந்த நிமிடமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல தாய் சொல்லியிருப்பாள். நான் லிட்டில் இந்தியா வரும்வரை தலை நிமிராமல் படித்துக்கொண்டே வந்தேன்.

பச்சை நிறத்தில் இருந்ததெல்லாம் என் பெண் எழுதியது. மாமியோடு நடை. மாமியோடு மீன் மார்க்கெட். மாமிக்கு ரத்தப் பரிசோதனை. மாமி பிறந்தநாள், கேக் சொல்ல வேண்டும், இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே. ஒரு வெள்ளிக்கிழமை, 'மாமியும் நானும் மட்டும், தோசை' என்றிருந்தது. அது என்ன மட்டும்? அந்த 'மட்டும்' எனக்கு அன்று முழுக்கத் தொண்டையில் முள்ளாக நின்றது.

நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். பச்சையில் இல்லை. காலண்டரில் ஆரஞ்சு நிறத்திலும் கொஞ்சம் இருந்தன. ஏர்கான் சர்வீஸ், அரிசி, தண்ணீர் பில், இப்படி வீட்டுச் சில்லறை வேலைகள். அவற்றின் நடுவே ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, வாராவாரம், முடிவே இல்லாமல்: 'அம்மாவுக்கு போன்.'

ஞாயிறு ஐந்து மணிப் போன் என்பது என் வாரத்திலேயே பெரிய விஷயம். நாலரைக்கே டீ போட்டுக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மா நினைப்பு வந்து கூப்பிடுகிறாள் என்று ஐந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். நினைப்பு வரவில்லை, மணியடித்திருக்கிறது. ஏர்கானும் நானும் ஒரே நிறம். ஏர்கானுக்காவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆள் நேரில் வருகிறான்.

பல வாரம் இப்படியே வேவு பார்த்தேன். காலையில் ரயிலேறியதும் முதல் வேலை அதுதான். வயிறு எரியும், ஆனாலும் பார்ப்பேன். ஒரு புதன்கிழமை என் அடங்காத குணம் தலைக்கேறியது. அந்த 'அம்மாவுக்கு போன்' ஆரஞ்சை அமுக்கி, அழி என்றேன். இந்த ஒரு முறை மட்டுமா, இனி வருவது எல்லாமா என்று போன் மரியாதையாகக் கேட்டது. எல்லாம் என்றேன். மணி அடிக்காவிட்டால் என் பெண்ணுக்குத் தாய் நினைப்பு வருகிறதா இல்லையா, பார்த்துவிடலாம் என்று இருந்தது.

ஞாயிறு வந்தது. நாலரைக்கு டீ. ஐந்து. ஐந்தே கால். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சார்ஜ் இருக்கா பாரு" என்றார்.

"இருக்கு."

"அப்ப நீயே அடிக்க வேண்டியதுதானே. அவ மறந்திருப்பா லா."

"மறப்பாளா? ஏன் மறக்கணும்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மணிக்குப் போய் அரிசி களைந்தேன். கண்ணீர் வந்தது, அதையும் சேர்த்துக் களைந்தேன். அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. வாரத்தின் நடுவில் ஒரு பூனைப் படம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. என் நட்சத்திரப் பிறந்தநாள். தேதிப் பிறந்தநாளை யார் போனும் சொல்லும். நட்சத்திரம் அப்படியில்லை, வருடத்துக்கு வருடம் நகரும். ஒவ்வொரு ஆனி மாதமும் தினசரிக் காலண்டரைப் புரட்டி, அஸ்தம் என்றைக்கு வருகிறது என்று ஒருத்தர் மெனக்கெட்டுத் தேட வேண்டும். கல்யாணமான பிறகு என் பெண் ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை. கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்து, மதியம் சென்டருக்கே பிரசாதம் கொண்டுவந்து தருவாள். அந்த ஒரு விஷயத்தில் சம்பந்தி அம்மாவை நான் ஜெயித்திருந்தேன். அவளுடைய காலண்டரில் தேடினேன், அந்த நாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே வரப்போகிறாள் என்று மனது குதித்தது. வராமலே போய்விடுவாளோ என்று உடனே அடங்கியது. வியாழக்கிழமை அஸ்தம்.

செவ்வாய் காலை ரயிலில் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என் கண் முன்னாலேயே ஒரு ஆரஞ்சுக் கோடு வந்து உட்கார்ந்தது. ஞாயிறு, ஐந்து மணி, 'அம்மாவுக்கு போன்', வாராவாரம். காணாமல் போனது திரும்பி வந்துவிட்டது. என் பெண் தேடியிருக்கிறாள். இரண்டு வாரம் அம்மாவிடம் பேசவில்லையே என்று உறுத்தியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவியைப் பார்த்து நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எத்தனை மணிக்கு எழுதினாள் என்று பார்க்கும் ஆசையில் அதை அமுக்கினேன்.

கீழே சின்ன எழுத்தில், எழுதியவர் என்ற இடத்தில் சம்பந்தி அம்மாவின் பெயர் இருந்தது.

பெயரைப் பார்த்தும் முதலில் புரியவில்லை. ஏர்கானை அமுக்கினேன், அவர் பெயர். அரிசி, அவர் பெயர். ஆரஞ்சு வீட்டு வேலையின் நிறம் இல்லை. அது அவருடைய நிறம். தன் காலண்டரை என் பெண்ணோடு பகிர்ந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோடு வந்தது, வியாழக்கிழமையில். ஆங்கிலத்தில், முற்றுப்புள்ளியோடு. 'சம்பந்தி அம்மாவின் அஸ்தம். அர்ச்சனை செய்யச் சொல்லி மருமகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.'

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் எழுதிக்கொண்ட அந்தச் சின்ன நோட்டு நினைவுக்கு வந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. என் பெண்ணைத்தான் எடுத்துக்கொண்டார் என்றால், என் பெண் எனக்குக் கொடுத்தது என்று நான் வைத்திருந்ததும் அவர் கொடுத்ததா? சண்டை போடவும் முடியாது. என்னவென்று சொல்லிச் சண்டை போடுவது?

வியாழக்கிழமை மதியம் என் பெண் சென்டருக்கு வந்தாள். வாழைப்பழம், பூ, குங்குமம். வேலைக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்திருந்தாள். என் நெற்றியில் அவளே குங்குமம் வைத்துவிட்டு, "பாத்தியாமா, எப்படி ஞாபகம் வச்சிருக்கேன்" என்றாள்.

"ஆமா, நல்லா வச்சிருக்க" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தையாக இருந்தபோதும் பள்ளிக்கூடப் பையை மறந்துவிட்டுப் போகிறவள்தான், நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன். இப்போது வேறு ஒருத்தர் ஓடுகிறார். அன்றைக்கு மாலை, போனில் இருந்த அவளுடைய அக்கவுண்டை நானே எடுத்துவிட்டேன். பச்சையும் ஆரஞ்சும் போய், டியூஷன் அட்டவணை மட்டும் மிஞ்சியது.

ஞாயிறு நாலரைக்கு டீ போட்டேன். ஐந்து மணிக்கு நொடி பிசகாமல் போன் அடித்தது. எடுக்காமல் விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. விட்டால் முதலில் கவலைப்படப் போகிறவர் யார் என்று தெரிந்ததால் எடுத்தேன்.

"அம்மா, சாரிமா, ரெண்டு வாரமா பேசவே முடியல" என்று அவள் தொடங்கும்போது, பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் குறைந்தது. ஒவ்வொரு ஞாயிறும் குறையும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எழுந்து போய் யார் குறைக்கிறார் என்று இப்போது தெரியும். அலுவலகக் கதை, பூனைக் கதை எல்லாம் சொன்னாள். முடிக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "மாமி உன்னக் கேட்டாங்கமா."

அதற்கு நான் 'ம்' என்பதோடு வைத்துவிடுவேன். ஐந்து வருடமாக அதுதான் வழக்கம்.

"நானும் கேட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவள் போனை விலக்கி, "மாமி, அம்மா உங்களக் கேட்டாங்களாம்" என்று சொன்னது கேட்டது. கடைசி எழுத்தை அதே மாதிரி இழுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.