கால் நனையாத கடற்கரைச் சாலை

எங்கள் முகப்பேர் அடுக்ககத்தில் எதிர்வீட்டு செந்தில் ஞாயிறுதோறும் ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் கார் ஓட்டுவார். மாலையில் முட்டுக்காடு படகு, முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நிரம்பிவிடும். நான் பார்த்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று மனைவியின் போனில் பார்ப்பேன். அவ்வளவு பெருந்தன்மை.

போன ஞாயிறு பொறுக்க முடியாமல் நாங்களும் கிளம்பினோம். ஒவ்வோர் இடத்திலும் இறங்கினேன், படம் எடுத்தேன், ஏறினேன். மாமல்லபுரத்தில் மனைவி கேட்டாள்.

"கொஞ்ச நேரம் அலையில நிக்கலாமாங்க?"

"இரு, வெளிச்சம் போயிடும். கோயில் முன்னாடி கூட்டம் நகரட்டும், ஒரு போட்டோ எடுத்துடறேன்."

"நீங்க செந்திலுக்குப் படம் புடிங்க. நான் போறேன்."

கூட்டம் நகரவேயில்லை. திரும்பிப் பார்த்தேன். முழங்கால்வரை நனைந்த புடவையோடு, முன்பின் தெரியாத பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் கத்திக் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதேயில்லை.

வீடு திரும்பியதும் எடுத்த படங்களை என் ஸ்டேட்டஸில் போட்டேன். உடனே செந்திலிடமிருந்து செய்தி வந்தது: "கலக்கிட்டீங்க அண்ணே, பொறாமையா இருக்கு!"

அதைக் கொண்டாட மனம் வரவில்லை. குளியலறையில் புடவை மணலை அலசியபடி அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டின் மீது பொறாமை வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சொந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது?