பச்சை வளையம் போட்ட புறா

ஆஸ்டின் டவுன்ல சின்ன வயசுலருந்து மாடில புறா வளக்கறவன் நான். எங்கப்பாவும் வளத்தாரு, அம்மா திட்டிக்கிட்டே சோளம் போடும். வழி தப்பி எந்தப் புறா வந்தாலும் மொதல்ல தண்ணி வெக்கறது எங்க வழக்கம்.

எல்லைல சண்டைன்னு டிவில ராப்பகலா கத்தினாங்க. எதிரிங்க புறா கால்ல வளையம் மாட்டி வேவு பாக்க அனுப்புறாங்கன்னு அதுல ஒருத்தன் சொன்னான். மறுநாளே பச்சை வளையத்தோட ஒரு புறா என் மாடில எறங்குச்சு. கூடையப் போட்டு மூடிட்டேன். போலீசு வந்து என் புறாவெல்லாம் புடிச்சிக்கினு போயிடுமோன்னு வெயில்லயே உக்காந்திருந்தேன்.

சாயங்காலம் கூட்டாளி பாஷா பாய் வந்து கூடையத் தூக்கினாரு. புறா வாயத் தொறந்து மூச்சு வாங்குச்சு.

"என்னாண்ணா, தண்ணிகூட வெக்கலியா? இது இங்க பக்கத்துல அடுகோடிக்காரங்க விடுற பந்தயப் புறா. இந்த மாதிரி வளையம் நீயே எத்தனை புறாவுக்குப் போட்டிருக்க!"

ஓடிப்போய்த் தண்ணி கொண்டாந்தேன். தலைய நிமுத்தாமக் குடிச்சுது.

எல்லைக்கு அந்தப் பக்கத்து டிவிலயும் நம்மளப் பத்தி இப்படித்தான் சொல்லுவாங்க. அங்க எந்த மாடில எந்தப் புறா கூடைக்குள்ள தவிக்குதோன்னு நெனைச்சா, இப்பவும் பயமாத்தான் இருக்கு.