பெயர் எழுதாத நாற்பத்தொரு பிள்ளைகள்

1. நனைந்த புத்தகங்கள்

சுனாமி வந்து ஒன்பதாம் நாள், கரையோரப் பதிவாளர்களின் புத்தகங்கள் மாவட்டப் பதிவு அலுவலகமான எங்கள் கந்தோருக்கு வந்து சேர்ந்தன. உரப் பைகளில் கட்டி லொறியில் ஏற்றி வந்தார்கள். பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாம் கலந்து எழுபத்துமூன்று. விறாந்தையில் விரித்துக் காயவைத்தோம். முப்பத்தொன்றைத்தான் திறக்க முடிந்தது. மற்றவை செங்கல் போல இறுகிவிட்டன. வாகரைப் பக்கத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

நான் திரும்பத் திரும்ப எண்ணுவதைப் பார்த்து பியோன் தங்கராசா கேட்டான்.

"எண்ணினாக் கூடுமா ஐயா?"

"கூடாது. குறைஞ்சாத் தெரியும்."

"குறைஞ்சது எண்ணாமலே தெரியுதே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதிவறையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும், தங்கள் முன்னோரைத் தேடிக் கந்தோர் வாசலில் காத்திருப்பவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று ஊர்ப் பதிவாளரிடம், மற்றது எங்கள் அறையில். ஒன்று போனால் மற்றது இருக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி எங்கள் அறையின் கூரையைக் கொண்டுபோனது. போர்க் காலத்தில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த பதிவாளர்கள் பிரதிகளை இக்கரைக்குக் கொண்டுவர முடியாமல் இருந்தார்கள். பிறகு கடலும் வந்தது. ஆகவே எங்கள் வேலை, ஒரு புத்தகத்தின் ஓட்டையை இன்னொரு புத்தகத்தால் அடைப்பது. அந்தப் புத்தகத்திலும் ஓட்டை இருக்கும்.

2. இரண்டு பெண்கள்

போர் முடிந்த மறு வருடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். இளையவள் தவமலர். வாகரைப் பிள்ளை. சுனாமியில் அவள் வீட்டில் ஐந்து பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது அவள் மட்டும். இல்லமொன்றில் வளர்ந்து, இப்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு தையல் கடையில் வேலை. கூட வந்தவர் களுவாஞ்சிக்குடி வள்ளியம்மை. கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கப் போய் இந்தப் பிள்ளையைப் பிடித்துப்போய், தன் மகன் ஜீவனுக்குக் கேட்டிருக்கிறார்.

"என்ட அம்மாட பிறப்புப் பதிவு வேணும் ஐயா," என்றாள் தவமலர். அவளுடைய சொந்தப் பதிவின் பிரதி கையில் இருந்தது. தாயின் பெயர் கந்தவனம் நாகம்மா. பிறந்த இடம் உன்னிச்சை. தவமலர் பிறந்தபோது தாயின் வயது இருபத்துநாலு. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னத்துக்குப் புள்ள, தாய்ட பதிவு?"

வள்ளியம்மை முந்திக்கொண்டார். "இந்தப் புள்ள என்ன குடியெண்டு தெரியாது ஐயா. எங்கட குடியா மட்டும் இருக்கக்கூடாது. வேற எந்தக் குடியெண்டாலும் எனக்குச் சம்மதம்."

வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் குடி தாய்வழி. பிள்ளை தாயின் குடி, தாய் தன் தாயின் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம், மணம் செய்வதில்லை. ஆனால் பிறப்புப் பதிவு தகப்பனைக் கேட்கும், தகப்பனின் தகப்பனைக் கேட்கும். தாயின் தாயைக் கேட்காது.

"பதிவில குடி எழுதுறல்ல அம்மா."

"அது தெரியும். அவட தாய்ட ஆக்கள் ஆரெண்டு தெரிஞ்சாப் போதும், மறுகா நான் போய்க் கேப்பன்."

"பதிவே இல்லாட்டி?"

"இல்லையெண்டு கந்தோரால எழுதித் தாங்க. தெரியாததுக்கு ஆர் என்ன செய்யிற? ஆவணியில கலியாணத்தச் செஞ்சிருவம். எனக்கும் இந்தப் புள்ளய விட மனமில்ல."

தவமலர் என் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

3. இல்லை என்று எழுதியது

பதிவுகளில் வயது என்பது வாயால் சொன்ன வயது. இரண்டு வருடம் முன்பின் இருக்கும். ஆகவே ஐந்து வருடத்துப் புத்தகங்களைப் பார்த்தேன். அட்டவணைப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்ததால் ஒவ்வொரு பதிவாக வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்த பதிவுக்கு ஒரு கோடு என்று துண்டுத் தாளில் போட்டுக்கொண்டே போனேன். இரண்டு நாகம்மா கிடைத்தார்கள். இருவருக்கும் தகப்பன் வேறு.

இரண்டு வாரம் முடிந்ததும் மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கிழமையா? வெளியில எத்தனை பேர் நிக்கிறாங்க, எண்ணினீங்களா?"

"பதினேழு பேர் சேர்."

"அதையும் எண்ணியாச்சு! இல்லையெண்டு எழுதிக் குடுங்க, ஐயா."

எழுதிக் கொடுத்தேன். வள்ளியம்மை கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "நல்லதாப் போச்சு," என்றார். அவர்கள் படி இறங்கும்போது மூத்தவர் இளையவளின் தோளில் கை போட்டிருந்தார்.

4. குறைந்த கோடுகள்

எட்டு நாள் கழித்து அந்தத் துண்டுத் தாள் கையில் அகப்பட்டது. எறியுமுன் கோடுகளைக் கூட்டினேன். ஐந்நூற்றி எழுபத்தொன்று. ஐந்து புத்தகங்களின் கடைசிப் பதிவு இலக்கங்களைக் கூட்டினேன். அறுநூற்றிப் பன்னிரண்டு. நாற்பத்தொரு கோடு குறைகிறது.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் குறைகிறது என்பது பின்னேரம்தான் விளங்கியது. அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்த செய்தியை முதலில் பதிவார்கள். பெயர் வைத்த பிறகு வந்து பெயரைச் சேர்க்க வேண்டும். பலர் வரவே இல்லை. பெயர்க் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். நான் பெயரைத் தேடி வாசித்தவன். பெயர் இல்லாத இடத்தில் கண் நிற்கவில்லை, கோடும் போடவில்லை.

மறுநாள் அந்த நாற்பத்தொன்றையும் வாசித்தேன். இருபத்தொன்பதாவதில் தகப்பன் கந்தவனம். தாய் தங்கம்மை. பிறந்த இடம் உன்னிச்சை. பெண் பிள்ளை. பெயர் இல்லை. கடைசிக் கட்டத்தில் தகவல் கொடுத்தவர்: மூத்ததம்பி, தாயின் சகோதரன். பக்கத்தில் பெருவிரல் அடையாளம்.

தாயின் சகோதரன் என்றால் தாயின் குடி; அதுவே நாகம்மாவின் குடி, தவமலரின் குடி. குடியைக் கேட்காத புத்தகம் குடிக்குப் போகும் வழியைக் கடைசிக் கட்டத்தில் வைத்திருந்தது.

தங்கராசாவிடம் சொன்னேன். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"புத்தகத்த மூடி வையுங்க ஐயா. ஆரும் கேக்கல்ல. நாலு பேர் சந்தோசமா இருக்காங்க."

"நான் குடுத்த கடிதம் பிழை, தங்கராசா."

"பிழைதான். ஆருக்கு நட்டம்?"

மூத்ததம்பியின் குடி வேறாக இருந்தால் ஒரு நட்டமும் இல்லை. வள்ளியம்மையின் குடியாக இருந்தால் கலியாணம் நின்றுவிடும். மூன்று நாள் புத்தகத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இரண்டு முறை மேலதிகாரியின் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசியில், இதை முடிவு செய்ய வேண்டியவன் நான் அல்ல என்று தோன்றியது. தையல் கடைக்குத் தொலைபேசி எடுத்து, தவமலரைத் தனியே வரச்சொன்னேன்.

பதிவை அவள் முன் விரித்து வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள்.

"இதச் சொல்லாம விட்டிருக்கலாமே ஐயா."

"விட்டிருக்கலாம். ஏலாமப் போச்சு."

"இந்த மூத்ததம்பி இருக்காரா?"

"தெரியாது புள்ள. இருந்தா எண்பது தாண்டியிருக்கும்."

பெருவிரல் அடையாளத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள், "அஞ்சு வருசமா எல்லா ஃபோமிலயும் உறவினர் ஒருத்தருமில்லையெண்டுதான் எழுதினனான். நான் போய்ப் பாக்கப்போறன். மாமியையும் கூட்டிட்டுத்தான் போவன். ஒளிச்சுப் போக ஏலாது."

5. உன்னிச்சையில்

சனிக்கிழமை மூவரும் பஸ்ஸில் போனோம். வள்ளியம்மை என்னை விட்டுத் தள்ளி முன் ஆசனத்தில் இருந்தார். குளக்கட்டைத் தாண்டி மூன்று இடத்தில் விசாரித்தோம். மூத்ததம்பி இருந்தார். காது கொஞ்சம் மந்தம். வட்டை என்னும் வயல்வெளியைப் பார்த்தபடி மரத்தடியில் சாக்கு விரித்து இருந்தார். அவருடைய வயல் அந்த வட்டையில் மூன்றாவது துண்டு என்று கேட்காமலே சொன்னார்.

தங்கம்மையின் மகள் நாகம்மா, நாகம்மாவின் மகள் இது என்று உரத்துச் சொன்னேன். கிழவர் தவமலரின் முகத்தை இழுத்துப் பார்த்தார்.

"வாகரைக்குப் போனவள்ட புள்ளயா? சூறாவளி அடிச்ச மறுகா குடும்பத்தோட போனதுகள். கடல் வந்ததோட எல்லாரும் முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னாங்க!"

"அம்மாட பதிவில பேரில்லையே அப்பு," என்றாள் அவள்.

"நான்தான் போய்ப் பதிஞ்ச. பேரென்னெண்டு கேட்டான். இன்னும் வைக்கல்லயெண்டன். வச்சிட்டு வாவெண்டான். ஆருக்குகா நேரம்? விதைப்புக் காலம்!" என்று சிரித்தார். முன்பற்கள் இரண்டுதான் இருந்தன.

வள்ளியம்மை அதுவரை நின்றுகொண்டே இருந்தார். "நீங்க என்ன குடி அப்பு?" என்று கேட்டார்.

கிழவர் சொன்னார். அந்தக் குடியின் பெயரை நான் எழுதவில்லை. அந்த மனிதர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வள்ளியம்மை நிலத்தில் அப்படியே இருந்துவிட்டார். அது அவருடைய குடி.

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவமலர் அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அப்ப கலியாணம் இல்லையா மாமி?"

வள்ளியம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு அவளுடைய தலையைப் பிடித்துத் தன் மடியோடு இழுத்தார்.

"மாமியெண்டு சொல்லாத மனே. நான் உனக்குப் பெரியம்மா."

6. பின்பு

கலியாணம் நின்றது. ஜீவன் சில மாதம் கட்டார் நாட்டுக்குப் போக அலைந்தான், பிறகு போகவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று. வெறும் கட்டத்தைக் கண்டால் கடந்து போகாதீர்கள். தகவல் கொடுத்தவர் யார் என்று கடைசிக் கட்டத்தை வாசியுங்கள். கொடுத்த கடிதம் பிழை என்று தெரிந்தால் உரியவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் இரண்டும் பழக்கத்தால் வரும். மூன்றாவதை நான் ஒருமுறைதான் செய்தேன். செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் மனம் சும்மா இருப்பதில்லை.

அடுத்த வருடம் தவமலருக்கு வேறு இடத்தில் கலியாணம் ஒழுங்கானது. வள்ளியம்மைதான் முன்னின்று செய்தார். வீட்டிலேயே விவாகப் பதிவு, எனக்கும் அழைப்பு வந்தது. சாட்சிக் கையெழுத்துக்குப் பதிவாளர் ஆள் கேட்டார். வள்ளியம்மை மகனை முன்னே தள்ளினார்.

"பொம்பிளைக்கு நீங்க என்ன முறை தம்பி?" என்று பதிவாளர் கேட்டார்.

ஜீவன் பேனையை வாங்கினான். தாயைப் பார்த்தான். பிறகு தவமலரைப் பார்த்தான். அவள் தலை குனியவில்லை.

"அண்ணன்," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தான்.